ஸ்டாட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: ஒரு கெப் வண்டியோடு நான் பட்ட பாடு

சாவியைத் திருப்பினால் ஸ்டாட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. உங்கள் டீசல் வண்டிக்கு இப்படி ஒரு கோளாறு வந்திருந்தால், பற்றரிக் கடைக்குப் போகும் முன் இதை வாசித்துவிடுங்கள். இதே கோளாறுக்காகக் கடந்த கச்சான் காற்றுக் காலம் முழுவதும் கராஜ் கராஜாக அலைந்தேன். கெட்டுப்போன தயிரையும் சேர்த்தால் இரண்டரை இலட்சம் ரூபா கைவிட்டுப் போயிற்று. கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது ஒரு சாண் நீள இறப்பர்க் குழாய். குழாயும் இரண்டு கிளிப்பும் சேர்த்து 1,400 ரூபா.

எனக்குத் தொழில் தயிர். கிண்ணியாவில் எருமைத் தயிர் போடும் ஒரு நானாவிடம் சட்டிகளை எடுத்து, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கும் திருகோணமலை நகரத்தில் சில கடைகளுக்கும் கொடுக்கிறேன். கணவர் கட்டாரில் இருக்கிறார். வண்டி ஓட்டுவது, சட்டி தூக்குவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நான்தான். வண்டி ஜப்பானிலிருந்து வந்த பழைய சிங்கிள் கெப். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், கொம்பியூட்டர் எதுவும் இல்லாத பழைய வகை டீசல் பம்ப். வீடு உவர்மலையில். வாசலுக்கு ஏறும் பாதை நல்ல சரிவு, இரவில் வண்டி மூக்கை மேட்டுக்கு நீட்டியபடி நிற்கும். இந்தச் சரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் தடவை நடந்தது ஒரு விடியற்காலையில். உல்லாசப் பயணிகள் நிறைந்திருந்த நேரம், ஹோட்டல்களின் காலை உணவுக்கு முன் தயிர் போய்ச் சேர வேண்டும். சாவியைத் திருப்பினேன். எஞ்சினை முதலில் சூடாக்கும் ஹீட்டரின் விளக்கு எரிந்து அணைந்தது. ஸ்டாட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றியது. எஞ்சினில் ஓர் இருமல்கூட இல்லை. மீண்டும் மீண்டும் திருப்பியும் அதே நிலைதான். பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்து வண்டியைப் பின்பக்கமாக வீதிக்கு இறக்கித் திருப்பித் தந்தார்கள். உவர்மலை இறக்கத்தில் உருட்டி இரண்டாம் கியரில் கிளச்சை விட்டதும், கொஞ்சத் தூரம் குலுங்கிக் குலுங்கிப் போய்ப் பிடித்துக்கொண்டது. அன்று தயிர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மத்தியானம் கராஜுக்குப் போனேன். "தள்ளிப் பிடித்ததா அக்கா? அப்படியென்றால் பற்றரிதான்" என்றார் அந்தத் தம்பி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. 52,000 ரூபா கொடுத்துப் புதுப் பற்றரி போட்டேன்.

அந்த நியாயத்தில் எங்கே ஓட்டை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் இதே கணக்கில்தான் பற்றரி வாங்குகிறார்கள். பற்றரி பலவீனமென்றால் அது முதலில் ஸ்டாட்டரின் சத்தத்தில் தெரியும். இழுத்து இழுத்து, மூச்சு வாங்கிச் சுற்றும், அல்லது சுற்றாமல் "டிக் டிக்" என்று மட்டும் தட்டும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் டீசலைப் பற்ற வைக்கிறது. ஆகவே மெதுவாகச் சுற்றினால் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் என்னுடையது மெதுவாகச் சுற்றவில்லை. இறக்கத்தில் உருண்டபோது பிடித்ததற்குக் காரணம் வேறு. உருளும்போது எஞ்சின் ஸ்டாட்டர் சுற்றுவதைவிட வேகமாகவும் நெடுநேரமும் சுற்றுகிறது. அந்த நேரத்தில் பம்ப் தாங்கியிலிருந்து டீசலை இழுத்து எடுத்துவிடுகிறது. பற்றரிமேல் சந்தேகம் என்றால் வோல்ட் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைந்த பற்றரி. ஸ்டாட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் நின்றால் அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டு நிமிட வேலை. எனக்கு அதை யாரும் செய்து காட்டவில்லை.

புதுப் பற்றரியோடு சில நாட்கள் வண்டி சொன்னபடி கேட்டது. பிறகு ஒரு காலையில் மறுபடி அதே அடம். இரண்டாவது கராஜ்காரர் ஸ்டாட்டர் மோட்டரைக் கழற்றிப் புதுக் கரித்துண்டுகள், பெயரிங் எல்லாம் போட்டார். 24,000 ரூபா. அதோடு நிற்கவில்லை, "ஹீட்டர் பிளக் நாலையும் மாற்றிவிட்டால் நிம்மதி" என்று இன்னும் 14,000. கச்சான் காற்று முகத்தைச் சுடும் மாதத்தில் திருகோணமலையில் எஞ்சினைச் சூடாக்கும் பிளக்கை மாற்றிய பெருமை எனக்கு உண்டு. பிளக் பழுதானால் என்ன ஆகும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். டீசல் உள்ளே போகும், ஆனால் சரியாகப் பற்றாது. சைலன்சரில் மூக்கை அரிக்கும் வெள்ளைப் புகை வரும், எஞ்சின் தடுமாறித் தடுமாறியாவது பிடிக்கப் பார்க்கும். என் வண்டியின் சைலன்சரில் புகையே இல்லை. அதை அப்போது ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

இதற்கிடையில் என்னை எரிச்சல்படுத்திய இன்னொரு விடயம். வண்டி என் பெயரில், பணம் என் கையில், பக்கத்தில் நிற்பதும் நான். ஆனால் கராஜ்காரர் பழுதைச் சொல்வது தொலைபேசியில் என் மைத்துனரிடம். அவர் வங்கியில் வேலை செய்கிறவர், பொனட்டை எந்தப் பக்கம் திறப்பதென்றே தெரியாது. அவரும் பாவம், "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு எனக்கு எடுத்து, "ஏதோ பெரிய செலவாம் அண்ணி" என்பார். பெண்கள் யாராவது இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன்: பழுது என்னவென்று உங்களிடமே நேரில் சொல்ல வேண்டும், காட்ட வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

எல்லாவற்றிலும் மோசமான நாள் சீனக்குடாவில். வண்டி நிறையச் சட்டிகளோடு கிண்ணியாப் பாலம் கடந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு பெட்டிக்கடை அருகில் தண்ணீர்ப் போத்தல் வாங்க நிறுத்தினேன். வீதியோரத்து மண்மேட்டில் முன்சக்கரங்கள் ஏறி நின்றன. கடைக்காரரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிச் சாவியைத் திருப்பினால், சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்துக் காட்டுக்குள்தான் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. அவற்றுக்காக நாடுகள் பேச்சுவார்த்தை நடத்துகின்றன, ஒப்பந்தம் எழுதுகின்றன. அவற்றுக்குப் பக்கத்து வீதியில் என் எஞ்சினுக்கு ஒரு கரண்டி டீசல் எட்டவில்லை.

வெயில் ஏற ஏற வீதியில் போகிறவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உதவும் மனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆளுக்கொரு தீர்ப்பு. ஒருவர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார், ஒருவர் பற்றரி முனையைத் தட்டினார். இன்னொருவர் காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டுப் பெற்றோல் நனைத்த துணியை அந்த வாயில் பிடிக்கப் போனார். அதை மட்டும் நான் விடவில்லை. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் பெற்றோல் ஆவியோ, கடையில் விற்கும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ உள்ளே போனால், சிவக்கக் காய்ந்திருக்கும் பிளக்கில் பட்டுக் கண்ட இடத்தில் வெடிக்கலாம். பிஸ்டன் உடையலாம், பிடித்திருப்பவர் முகம் கருகலாம். யார் சொன்னாலும் விடாதீர்கள். இன்னொன்று, ஸ்டாட்டரை ஒரே மூச்சில் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது. சுற்றினால் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். அன்று ஆளாளுக்குச் சுற்றியதில் ஸ்டாட்டரைத் தொட முடியாத சூடு. நல்ல காலம், புதிதாகத் திருத்திய ஸ்டாட்டர் தாங்கிக்கொண்டது.

தயிர் தாங்கவில்லை. சட்டிகளின் வாயில் கட்டிய தாள் நனைந்து, ஓரத்தால் தயிர்நீர் வழியத் தொடங்கியிருந்தது. ஒரு சட்டியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். புளிப்பு ஏறிவிட்டது, கட்டியும் விட்டுப்போயிருந்தது. இழுவை வண்டிக்கு 12,000 ரூபா. தயிர் நட்டம், நானாவுக்குக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்து, 38,000. நானா பாதிக் காசு போதும் என்றார். "தங்கச்சி, வண்டி செய்த வேலைக்கு நீ என்ன செய்வாய்" என்றார். அவர் வீட்டுச் செலவு எனக்குத் தெரியும், முழுவதையும்தான் கொடுத்தேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் அன்றோடு என்னிடம் வாங்குவதை நிறுத்திவிட்டது. சமையலறைப் பொறுப்பாளர் தொலைபேசியில் கத்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

இழுவை வண்டி கொண்டுபோய் விட்ட கராஜ் மூன்றாவது. அங்கே தீர்ப்பு உடனே வந்தது: "பம்ப் போய்விட்டது." பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வரும்வரை வாடகை லொறியில் தயிர் ஏற்றி, இலாபத்தை லொறிக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பம்ப் வந்து பூட்டியதும் கூலியோடு 110,000 ரூபா. ஒரே திருப்பில் வண்டி பிடித்தது. அந்தக் கராஜ்காரர் முகத்தில் என்ன ஒரு வெற்றி! எனக்கும் சந்தோஷம்தான், இனிமேல் பழுதாக என்ன மிச்சம் இருக்கிறது என்ற சந்தோஷம். அடுத்த வாரமே உவர்மலை வாசலில், விடியற்காலை இருட்டில், அதே பழைய சுற்றல். அன்று ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். கட்டாருக்குத் தொலைபேசி எடுத்தால் அவர், "விற்றுத் தொலைத்துவிடு" என்றார். ஸ்டார்ட் ஆகாத வண்டியை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன், அவரிடம் பதில் இல்லை.

அழுது முடித்த பிறகு செய்த ஒரு வேலைதான் உருப்பட்டது. பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில், வண்டி எப்போதெல்லாம் அடம்பிடித்தது, எங்கே, எத்தனை மணிக்கு, அதற்கு முன் எவ்வளவு நேரம் நின்றிருந்தது என்று நினைவில் உள்ளதையெல்லாம் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் கராஜின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எந்தக் கராஜிலும் இந்த வண்டி ஒருநாளும் அடம்பிடித்ததில்லை. நான் தயிர் கொடுக்கும் கடை வாசலில் நாள் முழுவதும் நின்றாலும் பிடிக்கும். பிரச்சினை வந்ததெல்லாம் வீட்டு வாசலில், அல்லது சீனக்குடா மண்மேட்டில். கடை வாசல் மட்டமான தரை, கராஜ்கள் சீமெந்துத் தரை. வீட்டிலும் மண்மேட்டிலும் மூக்கு மேலே, தாங்கி கீழே. அன்று மாலை வண்டியை வேண்டுமென்றே திருப்பி, மூக்கை இறக்கத்துக்கு வைத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து நிறுத்தினேன். காலையில் முதல் திருப்பிலேயே பிடித்தது. மறுநாள் பழையபடி நிறுத்தினேன், பிடிக்கவில்லை. பணம் ஒரு சதம் செலவில்லாமல் கிடைத்த முதல் தடயம் இது. உங்களுக்கும் விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் இப்படி எழுதி வையுங்கள். நின்ற சரிவு, நின்ற நேரம், தாங்கியில் இருந்த டீசல் அளவு, மழையா வெயிலா, எல்லாவற்றையும்.

இந்தக் கொப்பியோடு நான் போனது கராஜுக்கு அல்ல, திருக்கடலூருக்கு. அங்கே மீன்பிடிப் படகுகளின் டீசல் எஞ்சின் பார்க்கும் ஒரு வயதானவர் இருக்கிறார். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் இழுவை வண்டி வராது, அதனால் படகுக்காரர்கள் ஊகத்தில் பாகம் மாற்றுகிறவர்களிடம் போவதில்லை என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். ஐயா கொப்பியை வாங்கிப் பார்க்கவில்லை, நான் சொல்வதைக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "பிள்ளை, ஸ்டாட்டர் சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா?" இத்தனை பேரில் முதன்முதலாக அதைக் கேட்டவர் அவர்தான். மறுநாள் விடிய வீட்டுக்கு வந்து, வண்டி நின்ற இடத்திலேயே பார்த்தார். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே பிடித்துவிடுமே!

அவர் பார்த்த வரிசையை அப்படியே சொல்கிறேன். நான் சாவியைத் திருப்ப, அவர் சைலன்சர் வாயில் கையை வைத்தார். காற்று வந்தது, புகை இல்லை, டீசல் மணமும் இல்லை. "எண்ணெய் போகவில்லை" என்றார். புகை வந்திருந்தால் டீசல் போகிறது, பற்றத்தான் இல்லை, அப்போது சூடு, அழுத்தம், சுற்றும் வேகம் என்று தேட வேண்டும். புகையே இல்லையென்றால் அவை எல்லாவற்றையும் மறந்துவிட்டு டீசல் வரும் வழியை மட்டும் பார்த்தால் போதும். என் 90,000 ரூபா, அதாவது பற்றரி, ஸ்டாட்டர், பிளக் எல்லாம், இந்த ஒரு கேள்வியில் மிஞ்சியிருக்கும்.

அடுத்து, பம்பின் பின்பக்கத்தில் ஒற்றை வயரோடு இருக்கும் சிறிய மின்வால்வைப் பார்த்தார். சாவியைப் போட்டதும் அது திறந்து டீசலுக்கு வழி விடும், சாவியை எடுத்ததும் மூடி எஞ்சினை நிறுத்தும். அந்த வயர் உக்கியிருந்தாலோ ஃபியூஸ் போயிருந்தாலோ இதே கோளாறுதான் வரும். கடற்காற்றில் வயர் முனைகள் பச்சை பிடிப்பது எங்கள் ஊரில் சாதாரணம். சாவி போட்ட நிலையில் வயரைக் கழற்றி மறுபடி தொட்டார், வால்வு "டக்" என்றது. சோதனை விளக்கும் எரிந்தது. அது சரி. பிறகு டீசலை வடிகட்டும் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்தார். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். இல்லை.

அதன் பிறகு ஃபில்டரின் தலையில் இருக்கும் கை பம்பை என்னை அழுத்தச் சொன்னார். அதை ஒரு மூடி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே எதுவும் இல்லாதது போல மெத்தென்று போனது. அழுத்திக்கொண்டே இருக்க, கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் கட்டைவிரல் வலிக்கும் அளவுக்குக் கல்லாயிற்று. "இப்போது திருப்பு" என்றார். அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்தது. நான் வீதியில் நிற்பதையும் மறந்து கத்திவிட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "எங்கேயோ காற்று இழுக்கிறது. இரவில் எண்ணெய் தாங்கிக்கு இறங்கிவிடுகிறது" என்றார்.

எங்கே என்பதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு இன்னும் வியப்பு. மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டை ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே தற்காலிகமாகப் பூட்டினார். எஞ்சின் ஓடும்போது அதற்குள்ளே மஞ்சள் டீசலோடு சின்னச் சின்னக் குமிழிகள் கடுகு கடுகாக ஓடின. சில சேர்ந்து நீளக் குமிழியாகி, நின்று, மறுபடி நழுவின. பிறகு தாங்கியிலிருந்து வரும் இறப்பர்க் குழாயை ஃபில்டர் பக்கத்தில் கழற்றிவிட்டு, ஒரு சுத்தமான கானில் இருந்த டீசலுக்குள் வேறு குழாயை விட்டு ஓட்டினார். குமிழி கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஆகவே ஃபில்டரும் பம்பும் சுகம், நோய் அதற்கு முன்னால். தாங்கியிலிருந்து வரும் இரும்புக் குழாய் முடிந்து ஃபில்டருக்கு ஏறும் அந்த ஒரு சாண் இறப்பர்க் குழாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பாக, உலர்ந்து, நன்றாகத்தான் இருந்தது. கழற்றிய துண்டை அவர் விரல்களுக்கிடையில் வளைத்தபோது, கிளிப் இறுக்கிய தடத்துக்கு ஒட்டி மயிரிழையாக ஒரு வெடிப்பு வாய் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது.

டீசல் வெளியே சொட்டாமல் எப்படிக் காற்று உள்ளே போகும் என்று கேட்டேன். தாங்கியிலிருந்து பம்ப் வரை உள்ள வழியில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஓட்டை விழுந்த குழாயால் இளநீர் குடித்துப் பாருங்கள், இளநீர் ஒழுகாது, வாய்க்குக் காற்றுத்தான் வரும். வண்டி நின்றபின் அந்த வெடிப்பால் காற்று புக, டீசல் மெல்ல மெல்லத் தாங்கிக்கு இறங்கும். மூக்கு மேலே என்றால் இன்னும் வேகமாக இறங்கும். ஆகவே வண்டிக்கடியில் ஈரம் தேடிக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று: அந்தப் பிளாஸ்டிக் குழாய் சோதனைக்கு மட்டும்தான். டீசலில் அது நாளடைவில் விறைத்து வெடிக்கும், பூட்டியபடி ஓட்டாதீர்கள். புதிதாகப் போடுவதும் டீசலுக்கென்றே விற்கும் குழாயாக இருக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் கூடாது.

இப்போது யோசித்தால், பம்ப் திருத்தியது ஏன் பலித்ததுபோல் தெரிந்தது என்பதும் புரிகிறது. பம்பைப் பூட்டியவர்கள் கை பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றித்தானே ஆக வேண்டும். வண்டியைப் பிடிக்க வைத்தது அந்தக் கை பம்ப், பெயர் வாங்கியது 110,000 ரூபா. பற்றரி போட்ட பிறகும் ஸ்டாட்டர் திருத்திய பிறகும் சில நாட்கள் கடை வாசலிலேயே நின்றது, அல்லது தாங்கி நிறைய டீசல் இருந்தது, அதனால் பிடித்தது. பாகம் மாற்றியதும் வண்டி ஓடியது என்பது அந்தப் பாகம்தான் குற்றவாளி என்பதற்குச் சாட்சி ஆகாது. மாற்றும்போது வேறு என்ன செய்தார்கள், வண்டி எங்கே நின்றது என்பதையும் கேட்க வேண்டும். உங்கள் மெக்கானிக் பம்ப், டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் இன்ஜெக்டர் என்று பெரிய செலவுக்குப் போகும் முன், தனிக் கானிலிருந்து டீசல் கொடுத்து ஓட்டிப் பார்த்தாரா என்று மட்டும் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

நான் சொன்னதெல்லாம் பழைய டீசல் எஞ்சினுக்கு. பழைய எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பார்கள். புது வகைக் கொமன் ரெயில் டீசலில் அதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாருக்கு மேல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்குக்கு மேல் போகும், பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட வண்டிக்கு, அதன் கொம்பியூட்டரில் கோளாறைப் பார்க்கும் ஸ்கேனர் உள்ள இடம்தான் வழி. பெற்றோல் வண்டி என்றால், சாவியைப் போட்டதும் தாங்கிப் பக்கம் பம்ப் ஓரிரு விநாடி முனகுகிறதா என்று கேளுங்கள், மீற்றரில் சாவிப் படமுள்ள விளக்கு மின்னிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மின்னினால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை, எஞ்சினில் கைவைக்கும் முன் மற்றச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

வெடித்த குழாயை எடுத்துக்கொண்டு பம்ப் திருத்திய கராஜுக்குப் போனேன். "பம்பும் பழுதாகத்தான் இருந்தது அக்கா" என்றார். பில்லில் "பம்ப் திருத்தம்" என்று ஒரே வரி. எதை மாற்றினார்கள், பழைய பாகங்கள் எங்கே, ஒன்றும் இல்லை. வாதாட என்னிடம் எழுத்தில் எதுவும் இருக்கவில்லை. இப்போதெல்லாம் கழற்றிய பாகத்தை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லித்தான் காசு கொடுக்கிறேன், பில்லில் பாகத்தின் பெயரும் விலையும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஐயா கூலியாக ஒன்றும் கேட்கவில்லை. வற்புறுத்தியதில் இரண்டு சட்டி தயிர் வாங்கிக்கொண்டார். வண்டி பழையபடி மூக்கை மேட்டுக்கு நீட்டியே நிற்கிறது, ஒரே திருப்பில் பிடிக்கிறது. நிலாவெளி ஹோட்டல் திரும்பி வரவில்லை. பற்றரிக்கு இன்னும் உத்தரவாதக் காலம் இருக்கிறது.